தோப்புத் தெருவின் மாதிரி வீடு

சனிக்கிழமை வந்தால் விக்டோரியாவுக்கு மொட்டைமாடியில்தான் பொழுது விடியும். கையில் தென்னந்துடைப்பம், பக்கத்தில் ஒரு முறம், இரண்டு குடம் தண்ணீர். வாரம் முழுக்க வானத்திலிருந்து இறங்கிப் படிந்த கருந்தூளை முதலில் காய்ந்தபடியே கூட்டி அள்ள வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் தொலைந்தது. தூள் மையாகக் கரைந்து சுண்ணாம்புக்குள் இறங்கிவிடும். அப்புறம் எத்தனை தேய்த்தாலும் தரை அழுதுவடிந்துகொண்டுதான் கிடக்கும். அள்ளி முடித்த பிறகுதான் தண்ணீர் தெளித்து, குந்திக்கொண்டு தேய்ப்பு. பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க வருகிறவர்களின் பஸ் வந்துவிடும். அதற்குள் மாடி வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும்.

சிப்காட் தொழிற்பேட்டையின் பின்பக்கம், இரும்பு உருக்கிக் கம்பி இழுக்கும் கம்பெனிகளின் மதிலை ஒட்டி இருப்பது தோப்புத் தெரு. தோப்பு எங்கே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் என்று தெருக்காரர்கள் கைகாட்டுவார்கள். அங்கே இப்போது புகைபோக்கிகள் நிற்கின்றன. பகலில் அவை ரொம்ப நல்ல பிள்ளைகள். சாம்பிராணி போட்ட மாதிரி வெள்ளையாக, மெல்லிசாக விடும். இருட்டின பிறகு குணம் வேறு. விடிந்து பார்த்தால் கொடியில் மறந்துவிட்ட துணி, மூடாமல் வைத்த குடம், வாசலில் நிறுத்திய சைக்கிள் எல்லாவற்றின்மேலும் ஒரு விரற்கோடு கிழிக்கிற அளவுக்குக் கருப்பு.

"இன்னா விக்டோரியா, இன்னிக்கி யாரு வராங்க? ஸ்கூல் புள்ளைங்களா, பெரிய ஆளுங்களா?" எதிர்வீட்டு வாசலிலிருந்து அஞ்சம்மாள் அண்ணாந்து கேட்டாள்.

"எவன் கண்டான்கா? யாரு வந்தா எனக்கின்னா, இடுப்பு ஒடியறது என்னுது."

"அப்டி சொல்லாத. உன் இடுப்பு மேலதான் இந்தத் தெருவே நிக்குது."

அஞ்சம்மாள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

விக்டோரியாவுடையது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஒரு கூடம், ஒரு அறை, அடுப்பு வைக்க ஒரு ஒதுக்கு. தளம் தாழ்வாக இருப்பதால் சித்திரை பிறந்ததுமே உள்ளே இருக்க முடியாது. இரண்டு கோடைக்கு முன்னால், வோல்டேஜ் இல்லாமல் மின்விசிறியின் இறக்கையை உட்கார்ந்து எண்ணக்கூடிய வேகத்தில் அது சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், அவளே யோசித்துச் சில வேலைகள் செய்தாள். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, பிடிமானத்துக்குக் கஞ்சியும் உப்பும் கலந்து மாடி முழுக்க அடித்தாள். மேற்குச் சன்னலில் கோணியைத் தொங்கவிட்டு நனைத்தாள். பாத்திரம் கழுவின தண்ணீரைக் கால்வாய் கீறிக் கொல்லைக்குத் திருப்பி, வாழை வைத்து, பசலைக்கொடியைச் சுவரில் ஏற்றினாள். வீடு உண்மையாகவே கொஞ்சம் தணிந்தது. பசுமை, இயற்கை என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. ஏசி வாங்க வக்கில்லை, அவ்வளவுதான்.

இல்லாதவள் செய்த காரியத்துக்குப் பெயர் வைத்துப் பலகை அடிப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கம்பெனியில் ஊர் நலம் பார்க்கிற கல்பனா மேடம் தெருவுக்கு மரக்கன்று கொடுக்க வந்தார். வெயில் தாங்காமல் இந்த வீட்டுக்குள் ஒதுங்கினார். "அம்மா, நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியலை" என்று விக்டோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் வாசலில் பச்சைப் பலகை ஏறியது: 'கோடையை வெல்லும் பசுமை இல்லம். குளிர்சாதனம் இல்லாத குளிர்ந்த வீடு.' அடியில் கம்பெனியின் முத்திரை. இருட்டில் கருந்தூள் விடுகிற புகைபோக்கியிலும் அதே முத்திரைதான்.

விஷயம் வீட்டோடு போயிருந்தால் விக்டோரியா அந்தப் பலகையை என்றைக்கோ கழற்றி அடுப்புக்கு மறைப்பாக வைத்திருப்பாள். ஆனால் தெருவுக்கும் ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருந்தது. மாதிரி வீட்டை நல்லபடியாக வைத்துக்கொண்டால் கம்பெனி செலவில் தெருமுனையில் வாட்டர் பிளான்ட். தோப்புத் தெருவின் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டும். விக்டோரியாவின் புருஷன் யேசுதாசுக்கு அந்தத் தண்ணீரால் சிறுநீரகத்தில் கல் வந்து, சுவரில் முட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். அஞ்சம்மாளின் வீட்டுக்காரர் பச்சையப்பனுக்குக் கல்லோடு நிற்கவில்லை. சிறுநீரகமே போய், ரத்தம் சுத்தம் பண்ண வாராவாரம் ரயிலேறிச் சென்னைக்குப் போய்வருகிறார். கேன் தண்ணீர் வாங்குகிற வீடுகளில் அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றுக்கு மறுபடி போர் தண்ணீர்தான். தெருமுனையில் மேடை எழும்பி, நீலத் தொட்டியும் ஏறி, குழாய்களும் வைத்தாகிவிட்டது. இணைப்பு மட்டும் பாக்கி. கோடை முடிந்து நடக்கிற விழாவில் திறப்பார்கள். அதுவரைக்கும் சனிக்கிழமை தவறாமல் பஸ் வரும், ஆட்கள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒருத்தியை மட்டும் யாரும் சேர்க்கவில்லை. மகன் சாம்சனின் மனைவி ஜெனிபர். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். விழாவுக்கு முன்பாகவே அவளுக்குத் தேதி. போன வைகாசியில் முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறிப்போனது. அது சூட்டினால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை; ஆனால் அந்த வாரம் வீட்டுக்குள் அடித்த அனல் விக்டோரியாவின் உடம்புக்கு நினைவிருந்தது.

ஜெனிபரின் அப்பா ஆசீர்வாதம் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறவர். பெண்டாட்டி செத்துப்போய், இன்னும் மூன்று பேரோடு தகரக்கூரை அறையில் இருப்பவர். மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக அவருக்கு வீடு இல்லை. அதற்குப் பதிலாக, முதலாளியின் ஆபீசில் கழற்றிப் போட்ட ஏசி ஒன்றைக் கெஞ்சி வாங்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். மாட்டினால் பாதி உள்ளே, பாதி வெளிச்சுவரில். வெளிச்சுவரில் தொங்குவதைப் பஸ்ஸில் வருகிற ஒவ்வொருத்தரும் பார்ப்பார்கள். அதனால் அந்தப் பெட்டி கூடத்து மூலையில், விக்டோரியாவின் பழைய சுங்குடிப் புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு வந்தவர்கள் சென்னையிலிருந்து ஒரு குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும், "அய்யோ, எவ்ளோ கூலா இருக்கு!" என்றார்கள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அந்த வெயிலிலிருந்து வந்தால் மாட்டுக் கொட்டில்கூடக் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

விக்டோரியா சுவரோரம் நின்று, கல்பனா மேடம் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள். "எங்க ஊட்ல ஏசி கெடையாது, கூலர் கெடையாது. மாடில சுண்ணாம்பு அடிச்சிக்கிறோம். சன்னல்ல ஈரக் கோணி. தண்ணிய வீணாக்க மாட்டோம். குப்பய எரிக்க மாட்டோம்." ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பரமண்டல ஜெபத்தைத் தூக்கத்தில் சொல்வதுபோல் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள்.

மண்பானையிலிருந்து கேழ்வரகுக் கூழைத் தொன்னையில் ஊற்றி, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் கொடுத்தாள். ஒரு அம்மாள் தொன்னையைச் சுங்குடிப் புடவையின்மேல் வைத்துவிட்டு அதைத் தடவிப் பார்த்தார். "பழைய புடவையையே டேபிள் க்ளாத்தா போட்டிருக்கீங்களா? வாவ்!"

"ஆமாங்க" என்றாள் விக்டோரியா.

அறைக்குள் கட்டிலில் ஜெனிபர் உட்கார்ந்திருந்தாள். முதுகில் நைட்டி ஒட்டியிருந்தது. எட்டிப் பார்த்த இன்னொருவர், "இந்த மாதிரி நேரத்துல இயற்கையான குளிர்ச்சிதான் குழந்தைக்கு நல்லது" என்றார். ஜெனிபர் சிரித்து வைத்தாள்.

பஸ் டிரைவருக்கு மோர் கொடுத்துவருவது விக்டோரியாவின் வழக்கம். வீரராகவன் என்று பெயர், திருவள்ளூர்க்காரர். தெருவோரம் பஸ்ஸை நிறுத்துவாரே தவிர இன்ஜினை அணைக்க மாட்டார். செம்பை நீட்ட அவர் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து குளிர்காற்று வந்து அவள் முகத்தில், கழுத்தில், வியர்வை ஓடுகிற காதோரத்தில் எல்லாம் பட்டது.

"நிறுத்தி வெச்சா இன்னாண்ணா? வாசல்ல எல்லாம் பொக."

"நிறுத்துனா உள்ள சூடேறிக்கும்மா. திரும்பி வந்து ஏறசொல்லோ ஜில்லுனு இல்லன்னா மேடம் என் தோல உரிச்சிடுவாங்க." மோரைக் குடித்துவிட்டு அவரே சிரித்தார். "உங்க ஊட்ட பாத்துட்டு வந்தாதான் அவுங்களுக்கு இன்னும் வேர்க்குது."

வந்தவர்கள் போன பிறகு ஜெனிபர் கொல்லையில் போய் வாந்தியெடுத்தாள்.

வியாழக்கிழமை காற்று சுத்தமாக நின்றுபோனது. ஈரக் கோணி வேலை செய்ய வேண்டுமென்றால் வெளியே காற்று வேண்டும், கோணியில் இழைக்கு இழை சந்து வேண்டும். கருந்தூள் ஈரத்தில் ஒட்டி ஒட்டி, கோணி தார் பூசின படுதாபோல் ஆகியிருந்தது. அலசிக் கட்டினால் ஒரு பொழுதுக்குத் தாங்கும். சன்னலைத் திறந்தால் தூள், மூடினால் புழுக்கம். விக்டோரியா அதைத் திறந்து மூடி, மூடித் திறந்து, கடைசியில் எதைச் செய்தோம் என்றே மறந்துபோனாள். மதியம் துவைக்கிற கல்லருகே தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஜெனிபர் பக்கவாட்டில் சரிந்து கிடந்தாள். நல்லவேளை, வயிறு அடிபடவில்லை.

ஆட்டோவில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா ஊசி போட்டு, வயிற்றில் கைவைத்து நெடுநேரம் பார்த்தார். "பிரஷர் ஏறியிருக்கு. குழந்தை அசைவும் கம்மியாத்தான் இருக்கு. குளிர்ந்த எடத்துல படுக்க வைங்கம்மா, நல்லா தூங்கட்டும். இந்தச் சூட்டுலயே வெச்சிருந்தா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க."

சாயங்காலம் செய்தி கேட்டு ஆசீர்வாதம் வேலை உடுப்போடு வந்துவிட்டார். கூடத்தில் நின்றபடியே பெட்டியைக் காட்டினார்.

"சம்மந்தியம்மா, நான் கொண்டாந்து எறக்கி எத்தினி நாளாவுது? எவன் எவன் கால்ல உயுந்து வாங்கியாந்தேன்னு எனக்குத்தான் தெரியும். நீங்க அதுக்குப் பொடவ கட்டி ஒக்கார வெச்சிக்கிறீங்களே."

யேசுதாஸ் முகத்தைத் துண்டால் துடைத்தார். "மாட்டலாம் சம்மந்தி. யாரு வாணான்னா? தண்ணி தொறக்கட்டும். அன்னிக்கே நானே ஏணி போட்டு மாட்டறேன்."

"தண்ணி தொறக்கற வரிக்கும் வயித்துல கீறது வெயிட் பண்ணுமா?"

"நான் இன்னா பண்ணட்டும்? இந்தத் தெருவுல ஒரு ஊடு வுடாம வந்து எங்கைய புடிச்சிக்கினு கேட்டாங்க. பச்சையப்பன் மூஞ்சிய நான் எப்டி பாக்கறது?"

"உம் மருமவ மூஞ்சிய பாரு."

சாம்சன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். அதே கம்பெனியில்தான் அவனுக்கு ஒப்பந்த வேலை. பேசினால் எங்கே போய் முட்டும் என்று அவனுக்குத் தெரியும். அறைக்குள்ளிருந்து ஜெனிபரின் குரல் வந்தது.

"வுடு நைனா. போன வாட்டியும் இப்டித்தான். எல்லாரும் வெளிய நின்னு பேசிக்கினே இருந்தீங்க."

அந்தப் பெண் அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட விக்டோரியா தாங்கியிருப்பாள். சாதாரணமாக, உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள்.

"நான் ஒண்ணு சொல்றேன்" என்றாள் விக்டோரியா. "சனிக்கெயம நான் மாடிய கூட்ட மாட்டேன். கோணிய அலச மாட்டேன். வந்து பாக்கட்டும், எப்டி கீதோ அப்டியே பாக்கட்டும். நானா பலகய கழட்டினா தெரு என்னிய சபிக்கும். அவுங்களே அசிங்கப்பட்டுக் கழட்டிக்கினு போவட்டும். அன்னிக்கி சாய்ங்காலமே அத்த மாட்டுங்க."

யேசுதாஸ் ஏதோ சொல்ல வந்தார். அவள் பார்த்த பார்வையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒளித்துச் செய்கிற பழக்கம் விக்டோரியாவுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை போர் குழாயில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அஞ்சம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் காலத்தில் இரண்டு பேரும் ஒரே வயலில் நாற்று நட்டவர்கள், பிறகு ஒரே கம்பெனியில் குப்பை கூட்டினவர்கள். அவள் சாமி வேறு, இவள் சாமி வேறு என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று. அஞ்சம்மாள் குடத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மருமவ இப்போ எப்டி கீறா?" என்றாள் கடைசியில்.

"படுத்துக்கினு கீறாக்கா. ஒரு கண்ணு தூங்கல."

"பாவம்." குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "எங்கூட்டாளுக்குக் காலெல்லாம் ஊதிக்கினு கீது. குடிக்கற கொஞ்சத்தயும் நல்ல தண்ணியா குடுக்கச் சொல்றாரு டாக்டர். எங்க போறது?" பதிலுக்கு நிற்காமல் நடந்தாள்.

சனிக்கிழமை விக்டோரியா வேண்டுமென்றே படுத்துக் கிடந்தாள். பழக்கதோஷத்தில் விழிப்பு வந்துவிட்டது, உடம்பு எழுந்துகொள்ளத் துடித்தது, அடக்கிக்கொண்டு பாயைப் பிடித்துக்கொண்டாள். அப்போது தலைக்குமேல் 'சரக் சரக்' என்று துடைப்பச் சத்தம்.

முதலில் தன் மனம்தான் கூட்டுகிறதோ என்று நினைத்தாள். பிறகு ஓடினாள். படிக்கட்டில் பச்சையப்பன் ஊதிய காலை நீட்டி உட்கார்ந்து, கீழே நின்ற பெண்களிடமிருந்து குடத்தை வாங்கி மேலே நீட்டிக்கொண்டிருந்தார். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன ஆள். அவர் அவளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார். மாடியில் தெருப்பெண்கள் அத்தனை பேரும் புடவையை வரிந்து செருகிக்கொண்டு குந்தியிருந்தார்கள். தூளை அள்ளி முடித்து, தேய்ப்பு நடந்துகொண்டிருந்தது. குடத்துத் தண்ணீர் போதாமல் ஓரத்தில் இருந்தவள் ஊற்றிக்கொண்டிருந்தது கேன் தண்ணீர், குடிக்கிற தண்ணீர். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னாக்கா இது?"

"நீ முடியாதுன்ன. சரின்னு நாங்க வந்துட்டோம்" என்றாள் அஞ்சம்மாள். கை நிற்கவில்லை. "நீ கீழ போ. புள்ளய பாரு."

"இடுப்பு வலிக்குதுன்னா நான் முடியாதுன்னேன்?"

"இல்ல."

"தெரிஞ்சிக்கினேதான வந்த?"

"தெரிஞ்சிக்கினுதான் வந்தேன்." அப்போதுதான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "திட்டறதுன்னா திட்டிக்கோ விக்டோரியா. கால்ல உயுன்னா உயறேன். இன்னும் கொஞ்ச நாளு. தொட்டி வந்துட்சி, கொயா வந்துட்சி, தண்ணிதான் பாக்கி. இத்த வுட்டா அந்த மனுசன் எனக்கு இல்ல."

விக்டோரியாவுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கெட்ட வார்த்தை, ஒரு சண்டை, கேனை எட்டி உதைத்து ஒரு கூச்சல், அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம். கோபம் வரவில்லை. தெருவே தன் வாய்த் தண்ணீரை எடுத்து அவள் மாடியில் ஊற்றிக்கொண்டிருந்தது. எதிரி என்றால் எதிர்த்து நிற்கலாம். இவர்களை என்ன செய்வது? ஊர்கூடி அவள் வீட்டைக் கழுவிக் கழுவி அவளை உள்ளே வைத்துப் பூட்டுகிறது என்று நினைத்தாள். இறங்கிப் போய்க் கூழ் கிண்டினாள்.

பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. கல்பனா மேடத்தோடு இந்தத் தடவை ஒரு வீடியோக்காரர், கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து சில பேர். மாடிக்குப் போய்க் கண்கூசுகிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கூடம் ஆட்களால் நிறைந்தது. இருந்த கொஞ்சநஞ்சக் காற்றையும் வந்தவர்களே மூச்சு விட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

விக்டோரியா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஜெனிபர் சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "அத்த" என்றாள். "காலைலேர்ந்து அசையவே இல்லத்த."

விக்டோரியா என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். மருமகளின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, "பாத்ரூமுக்கு, பாத்ரூமுக்கு, கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து வெளியே வந்தாள். கொல்லைப்பக்கம் திரும்பவில்லை. நேராகத் தெருவோரம் நின்று இரைந்துகொண்டிருந்த பஸ்ஸுக்கு நடந்து, கதவைத் தட்டினாள்.

"இன்னாம்மா?" வீரராகவன் திறந்தார்.

"அண்ணே, புள்ள கொஞ்ச நேரம் இங்க படுத்துக்கட்டும்."

அவர் ஜெனிபரைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசி வரிசையின் கைப்பிடிகளைத் தூக்கிவிட்டு, சன்னல் திரையை இழுத்துவிட்டார். ஜெனிபர் ஏறி ஒருக்களித்துப் படுத்தாள். விக்டோரியா அவள் காலை மடக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி. ஜெனிபரின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டாள். தூக்கத்திலேயே அவள் கை வயிற்றுக்குப் போனது. விக்டோரியா தன் கையையும் அங்கே வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளிருந்து ஒரு தள்ளல், சின்னதாக, சோம்பலாக.

"கர்த்தரே" என்றாள்.

"அவுங்க வர வரிக்கும்தாம்மா" என்றார் வீரராகவன், குரலைத் தாழ்த்தி. "மேடம் வந்துட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஊட்ட பாத்து முடிச்சாச்சின்னா கெளம்பிடுவாங்க."

"கெளம்ப மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். நீ மட்டும் இன்ஜின நிறுத்திடாதண்ணே."

இறங்கி வந்தபோது பஸ்ஸுக்குப் பக்கத்தில் அஞ்சம்மாள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

வீட்டு வாசலில் கல்பனா மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, கிளம்பலாமா?"

"இன்னா மேடம் அதுக்குள்ள!" என்றாள் விக்டோரியா. அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஒண்ணுமே பாக்கலியே நீங்க. வாங்க, கொல்லைக்கு வாங்க."

பேச ஆரம்பித்தாள். பசலைக்கொடியை எந்தக் கிழமை நட்டாள், சுவரில் எப்படி ஏற்றினாள், இலை வாடினால் எதை ஊற்றினாள் என்று சொன்னாள். பாத்திரம் கழுவின தண்ணீர் வாழைக்குப் போகிற கால்வாயைத் தலையிலிருந்து கடைவரை நடந்து காட்டினாள். சாம்பலில் பாத்திரம் தேய்த்துக் காட்டினாள். கோணியை அவிழ்த்து, அலசி, பிழிந்து, மறுபடி கட்டினாள். வந்தவர்களில் தொப்பி போட்டிருந்த ஒருவரிடம் ஒரு முனையைக் கொடுத்து, "நீங்க பிடிங்க சார், அப்பதான் கத்துக்குவீங்க" என்றாள். கேழ்வரகை ஊறவைப்பதிலிருந்து கூழ் இறக்குவதுவரை ஒன்றுவிடாமல் சொல்லி, எல்லாரையும் உட்கார வைத்து இரண்டாம் தடவை ஊற்றினாள். வாராவாரம் தூக்கத்தில் ஒப்பித்தவளுக்கு எங்கிருந்து வந்தது இத்தனை பேச்சு என்று யேசுதாஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பேசப் பேச அவள் கண் மட்டும் வாசலுக்குப் போய்ப் போய் வந்தது. இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று அவள் திணறின நேரத்தில் அஞ்சம்மாள் உள்ளே நுழைந்தாள். "மேடம், எங்கூட்டயும் வந்து பாருங்க. நானும் முருங்க வெச்சிக்கிறேன். எங்கூட்டாளு இவுங்களோட பேசணும்னு கீறாரு." பின்னாலேயே இன்னொருத்தி, "அப்டியே எங்கூட்டுக்கும்" என்றாள். தெரு முழுக்க வாசலில் வந்து நின்றது. விருந்தாளிகளை வீட்டுக்கு வீடு இழுத்துப்போய், இருக்கிற செடியையும் இல்லாத செடியையும் காட்டினார்கள். பஸ்ஸை நோக்கி நகர்ந்த ஒருவரைப் பச்சையப்பன் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தன் வியாதியை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

வெயில் உச்சிக்கு வந்தது. கல்பனா மேடத்தின் முகம் சிவந்து, பவுடர் கரைந்து வழிந்தது. ஆனாலும் மகிழ்ச்சியில் இருந்தார்.

"இத்தனை நாள் ஏம்மா இப்படிப் பேசலை? அசத்திட்டீங்க. முழுத் தெருவும் சேர்ந்துடுச்சு! எங்க ஹெட் ஆபீஸ் சார்கிட்ட இப்பவே பேசிட்டேன். பிளான்ட் திறந்த அப்புறமும் இதை நிறுத்த வேண்டாம்கிறார். அடுத்த சம்மர், அதுக்கடுத்த சம்மர், இந்த வீடுதான் எங்க மாடல். பிளான்ட் பராமரிப்பும் இதோட சேர்த்தே பண்ணிடலாம். இதுக்கு உங்க வாயால ஒத்துக்கிட்டதா ஒரு வீடியோ எடுத்துக்கணும். இப்ப வேண்டாம்னா பரவாயில்லை, டயர்டா இருப்பீங்க, நாங்க கிளம்பறோம்."

கூடத்து மூலையில் சுங்குடிப் புடவை போர்த்திய பெட்டி இருந்தது. அதன்மேல் யாரோ கூழ் குடித்த தொன்னையைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். விக்டோரியா அதைப் பார்த்தாள். பிறகு வாசல் வழியாக வெளியே பார்த்தாள். பஸ்ஸின் கடைசிச் சன்னலில் திரை அசையவில்லை. அஞ்சம்மாள் பஸ் கதவருகே, யாரும் ஏறிவிடாதபடி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வீடியோ எடுக்க எம்மா நேரம் ஆவும் மேடம்?"

"அரைமணி நேரமாவது ஆகும்மா."

"இப்பவே எடுங்க" என்றாள். "நல்லா பொறுமையா எடுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, நனைந்த கோணிக்குப் பக்கத்தில், வெறும் சுவரோரம் போய் நின்றாள். வீடியோக்காரர் தயார் என்று கையைக் காட்டினார். வெளியே இன்ஜின் ஓடுகிறதா என்று ஒருமுறை காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, விக்டோரியா ஆரம்பித்தாள்.

"எங்க ஊட்ல ஏசி கெடையாது."